வெங்காய வகுப்பை எந்த மாதம் வைக்க வேண்டும்?

வெங்காயப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வகுப்பை வெங்காயத்தின் காலத்தோடு வையுங்கள். நடுகை பற்றிய வகுப்பு நடுகைக்கு முன்னால் வர வேண்டும், விதை வெங்காயத்தைக் காத்து வைப்பது பற்றிய வகுப்பு வெங்காயம் கிண்டி எடுப்பதற்கு முன்னால் வர வேண்டும், நோய் பற்றிய வகுப்பு வெங்காயத் தாள் பச்சையாக நிற்கும்போதே தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். இதைச் சொல்லவும் ஒரு பதிவு தேவையா என்று கேட்பீர்கள். தேவைதான். போன மாரி முடிந்த கையோடு எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒரு வகுப்பு நடந்தது. சொன்ன விஷயத்தில் ஒரு பிழையும் இல்லை, விதை வெங்காயத்தை எப்படித் தெரிந்தெடுப்பது, நடுவதற்கு முன் பூஞ்சணத்தைக் கொல்லும் பங்கசுநாசினியில் எப்படி நனைத்து எடுப்பது என்று திரையில் படம் போட்டுப் பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் அன்றைக்கு வந்திருந்தவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் ஏற்கெனவே நட்டு, முளை வந்து, முதல் களையும் பிடுங்கி முடித்திருந்தார்கள். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள். அடுத்த தைக்கு அந்தக் கொப்பி எங்கே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இங்கே நான் வெங்காயம் என்று எழுதுவதெல்லாம் சின்ன வெங்காயத்தைத்தான். பெரிய வெங்காயத்தையும் இப்போது வன்னியில் செய்யச் சொல்லி ஊக்குவிக்கிறார்கள், சிலர் நன்றாகவும் செய்கிறார்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்து வருகிற பலர் யாழ்ப்பாணத்துக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிறார்கள். வன்னியில் வருடத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தக் காலத்தில் வெங்காயத்தை நிலத்தில் வைத்தால் மண்ணோடு மண்ணாக அழுகும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், தண்ணீர் இறங்கி ஓடிவிடும். இங்கே செங்கபில மண் நிலங்களில் கொஞ்சம் கீழே போனாலே களி இறுகி நிற்கும், பள்ளக் காணி என்றால் மழை விட்டுக் கிழமைக் கணக்கானாலும் காலை வைத்தால் புதையும். விசுவமடுப் பக்கத்து மணல் கலந்த மேட்டுக் காணியும், பக்கத்தில் வயல் அறுத்துவிட்டு வெங்காயம் வைக்கிற களிக் காணியும் ஒரே கணக்கில் வராது. மேட்டுக் காணிக்காரர் மார்கழிக் கடைசியில் பாத்தி கட்டத் தொடங்கிவிடலாம், வயல் காணிக்காரர் மாரியில் செய்த காலபோக நெல்லை வெட்டி, மண் காய்ந்து, உழுது முடிக்கவே மாசி பங்குனி ஆகிவிடும். ஒரே ஊரில் இரண்டு நாட்காட்டி இருக்கும்போது ஒரே ஒரு வகுப்பு எப்படிப் போதும்?

தையில் வைத்தது இரண்டு, இரண்டரை மாதத்தில் பங்குனிக்குள் கிண்டுப்படும். அந்தப் பயிருக்குக் குளிரும் பனியும் இருக்கும், பகலில் நல்ல வெயில் எறிக்கும், தண்ணீர்ச் செலவும் குறைவு. ஆனால் விடியற்காலைப் பனி தாளில் நெடுநேரம் நின்றால் ஊதா நிறப் புள்ளி நோய்க்கு அது வாசல். இடையில் பருவம் தப்பி மாசியில் ஒரு மழை பெய்தால் கதை முடிந்தது. அடுத்தது சித்திரைச் சிறுமாரி விட்டபிறகு வைகாசியில் வைக்கிறது. அதற்குச் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எதிரி. காற்று பகல் முழுக்க வீசி ஈரத்தை உறிஞ்சிவிடும், மூன்று நாளைக்கு ஒருக்கா இறைத்தாலும் பாத்தியின் மேல்மண் வெடித்துக் கிடக்கும், அந்த வறட்சியில் தாளைச் சுரண்டி உறிஞ்சுகிற பனிப்பூச்சி பெருகும். 2022 ஆவணியில் இறைப்பு இயந்திரத்துக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது சோளகக் காலத்து வெங்காயத்தைக் கைவிட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். மின்சார மோட்டர் பூட்டியவர்கள் தொடர்ந்து செய்தார்கள். நோயைவிட இறைப்புச் செலவுதான் அந்த வருடம் பலரை விழுத்தியது, ஆனால் இறைப்பைப் பற்றி ஒரு வகுப்பும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது, மேல் அரை அடிக்குள்தான் அதன் முழுப் பிழைப்பும். ஆகவே ஒரேயடியாகப் பாத்தி நிறைய விட்டுக் கீழே ஓடவிடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுவதுதான் காசு மிச்சம். இதை ஒரு விவசாயப் போதனாசிரியர் பாத்திக்குள் மண்வெட்டியால் வெட்டி ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று காட்டினாலே போதும், திரையும் படமும் வேண்டாம்.

பகல் நீளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிற சொந்தக்காரர் ஆசையாக வெங்காய விதைப் பக்கற் கொண்டுவந்து தருவார்கள். படத்தில் பார்த்தால் தேங்காய் அளவு இருக்கும். அந்த நாட்டு வெங்காயம் குமிழ் வைக்க 14 மணித்தியாலத்துக்குக் கிட்டப் பகல் வேண்டும். நாங்கள் இருப்பது ஒன்பது பாகை வடக்கில், இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். என்னதான் பசளை போட்டாலும் அது தாளாகவே வளர்ந்து நிற்கும், அடியில் ஒன்றும் திரளாது. தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். பெரிய வெங்காயத்தைத் தம்புள்ளை, மாத்தளைப் பக்கம் சித்திரையோடு தொடங்குகிற சிறுபோகத்தில் செய்வதற்கும் இதே சங்கதிதான் ஒரு காரணம், அப்போது பகல் கொஞ்சம் நீளம், மழையும் இல்லை. வன்னியில் பெரிய வெங்காயம் செய்ய நினைக்கிற தம்பிமார் இனத்தையும் காலத்தையும் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கடையில் கிடைக்கிற விதையை வாங்கி மாரிக்கு முன் தூவிவிட்டு அழக்கூடாது.

சரி, நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் தர்மபுரத்துக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் நடந்த வயல் விழாவைச் சொல்வேன். மாசி மாதம், வெங்காயம் நட்டு ஒன்றரை மாதம் இருக்கும், நோய் தலைகாட்டுகிற சரியான நேரம். போதனாசிரியர் ஒரு இளம் பிள்ளை, எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சு எதுவும் வைக்கவில்லை. நேரே பாத்திக்குள் இறங்கினார். ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துக்கொண்டு வெங்காயத் தாளை இரண்டு தட்டுத் தட்டினார், கடுகில் கால்வாசி கூட இல்லாத மஞ்சள் பூச்சிகள் கடதாசியில் ஊர்ந்து திரிந்தன. அதுதான் பனிப்பூச்சி, தாளில் வெள்ளிக் கோடு கோடாக வெளுத்திருப்பது அது சுரண்டி உறிஞ்சிய தடம். அடுத்த பாத்தியில் ஒரு தாளைப் பிடுங்கி பிளேட்டால் நீளத்துக்குக் கீறினார். உள்ளே பச்சைப் புழு ஒன்று, அதைச் சுற்றிக் கறுப்பு எச்சம். தாளின் உள்தோலை அது தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் விட்டிருந்தது, அந்த இடம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. வெளியில் நின்று மருந்தடித்தால் தாள் குழலுக்குள் இருக்கிற புழுவுக்கு என்ன தெரியப் போகிறது? புழு வெளியில் முட்டைக் கூட்டமாக இருக்கும்போது, அல்லது குஞ்சாக மேலே ஊரும்போதே பிடிக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு முறுகிப்போன செடி. கழுத்து நீண்டு, தாள் திருகி, வெளிறிய குழிப் புள்ளிகளில் வட்டம் வட்டமாகக் கறுப்புப் பொட்டு. அது பங்கசு, விதை வெங்காயத்தோடும் வரும், மழைத்துளி தெறித்தும் பரவும், கிண்டி எடுத்து எரிக்கிறதைத் தவிர அந்தச் செடிக்கு வேறு வழி இல்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுக்கெல்லாம் நீங்கள் அடிச்சது ஒரே மருந்துதானே அண்ணை?" என்று கேட்டார். தோட்டக்கார அண்ணை தலையாட்டினார். பனிப்பூச்சி மருந்து பங்கசுக்கு ஒன்றும் செய்யாது, பங்கசுநாசினி புழுவுக்கு ஒன்றும் செய்யாது. பிறகு ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துத் தாளில் ஊற்றிக் காட்டினார், தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. வெங்காயத் தாளில் மெழுகுப் படலம் இருக்கிறது, ஆகவே மருந்தோடு ஒட்டும் பதார்த்தம் கலக்காவிட்டால் நீங்கள் மருந்தடிப்பது மண்ணுக்குத்தான். அன்று பார்த்த யாருக்கும் அது மறக்காது. ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது, தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் தோட்டத்தில் தாளைத் தட்டிப் பார்த்தவர்கள் பலர்.

மருந்துக் கம்பனிக்காரரும் வகுப்பு நடத்துகிறார்கள். அவர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும், நோய் தொடங்குகிற கிழமை சரியாக வந்து நிற்பார்கள். வருகிற பிள்ளைகளுக்கு விஷயமும் தெரியும். ஆனால் எந்தக் கேள்விக்கும் விடை ஒரு போத்தலில்தான் போய் முடியும். பாத்தியை உயர்த்திக் கட்டு, அடுத்த போகம் அந்தக் காணியில் வெங்காயம் வைக்காமல் வேறு பயிர் வை என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், அதைச் சொல்வது அவர்களுடைய வேலையும் இல்லை. அதனால்தான் சம்பளத்துக்கு வேலை செய்கிற போதனாசிரியர்மார் அந்தக் கிழமையில் அங்கே நிற்க வேண்டும் என்கிறேன். ஒரு போதனாசிரியருக்கு எத்தனை கிராமம் கொடுத்திருக்கிறார்கள், மோட்டச்சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்க எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கும் விளங்குகிறது. ஆகவே வகுப்பின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. இருக்கிற வகுப்பின் திகதியை மாற்றச் சொல்கிறேன்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் கூட்டெரு வகுப்புக்குக் குறைவே இருக்கவில்லை. ஆனால் கூட்டெரு மக்குவதற்கு மாதக்கணக்கு வேண்டும், வகுப்பு நடந்தபோது பயிர் நிலத்தில் மஞ்சளடித்து நின்றது. கூட்டெரு நல்ல விஷயம். மாட்டெருவும் கூட்டெருவும் போட்ட பாத்தியில் வெங்காயம் எப்படி வருகிறது என்று எனக்கே தெரியும். அது நாலைந்து மாதம் முந்தி வந்திருந்தால் எத்தனை பேர் உண்மையாகவே செய்திருப்பார்கள்!

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன், விதை வெங்காயம், அதாவது நடுவதற்கென்று எடுத்து வைக்கிற குமிழ். ஒரு ஏக்கருக்குப் பத்து அந்தருக்குக் குறையாமல் வேண்டும், ஒரு அந்தர் ஏறக்குறைய ஐம்பது கிலோ. மொத்தச் செலவில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும். கார்த்திகை மார்கழியில் விதை விலை ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தே பலர் அந்தப் போகத்தை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் மீளக் குடியேறி வந்தபோது கையில் ஒரு பிடி விதை கூட இருக்கவில்லை, எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்துதான் வாங்கி வந்தோம், வேதாளன் இனம் என்று சொல்லித் தந்தார்கள், அதற்குள் என்னென்ன கலந்திருந்ததோ. இன்றைக்கும் வன்னியில் விதையை வைத்துக் காப்பவர் குறைவு. பங்குனியில் விலை விழுந்தாலும் கடன் இருக்கிறது, கிண்டின கையோடு விற்கிறோம், பிறகு அதே வெங்காயத்தை மடங்கு விலை கொடுத்து விதையாக வாங்குகிறோம். இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு ஐயா இருக்கிறார், அரசாங்கம் காணி கொடுத்துக் குடியேற்றிய படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்ட வந்தவர்களில் ஒருவர். எழுபதுகளில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் விற்று வீடு கட்டியவர், 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டபோது விலை விழுந்ததையும் கண்டவர். விதை வைப்பதில் அவரைவிட ஒரு வாத்தியார் இந்தப் பக்கத்தில் இல்லை. அவரிடம் போனால் ஒரு வெங்காயத்தை எடுத்து நெடுக்காகப் பிளந்து கையில் தருவார். நடுவில் இருக்கிற பச்சைக் குருத்து எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். அடியில் சின்னதாக இருந்தால் இன்னும் உறக்கம் தெளியவில்லை, நட்டால் ஒன்று முளைக்கும் ஒன்று முளைக்காது. உச்சிக்குக் கிட்ட வந்திருந்தால் நடலாம். "பிள்ளை, வெங்காயம் தானே சொல்லும், அதைக் கேட்டு நடு" என்பார். விதைக்கு என்று ஒரு பாத்தியை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவார். அதற்குக் கடைசி நேரத்தில் யூரியா போட மாட்டார், போட்டால் கழுத்து தடித்துக் காயாமல் நிற்கும், கட்டித் தொங்கவிட்டால் அந்தக் கழுத்து வழியாகத்தான் அழுகல் இறங்கும். தாள் தானாகச் சாய்ந்து நன்றாக முற்றவிட்டு, கிண்டுவதற்கு ஒரு கிழமைக்கு மேல் தண்ணீரை நிறுத்தி, கிண்டியதைத் தாளால் மூடிக் காயவிட்டு, பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிடுவார். கொட்டிலுக்கு மேலே கிடுகு, நாலு பக்கமும் காற்று, நிலத்தில் இருந்து நல்ல உயரம். உரப்பையில் கட்டி மூலையில் போட்டால் ஐப்பசி மழை ஈரத்துக்கு அது கார்த்திகைக்குள் நாறிவிடும். ஆடி ஆவணியில் கிண்டியதை மார்கழி வரை காக்க வேண்டும், நடுவில் முழு மாரியும் கிடக்கிறது, ஆகவே கிழமைக்கு ஒருக்கா பிடியை அவிழ்த்துப் பார்த்து அழுகினதை எடுத்தெறிய வேண்டும்.

இவ்வளவும் ஒரு வகுப்புக்குள் அடங்குகிற விஷயம். அந்த வகுப்பை அவருடைய கொட்டிலுக்குக் கீழேயே, ஆனிக் கடைசியில், கிண்டுவதற்கு முன் வைத்தால் எத்தனை அந்தர் விதை மிஞ்சும்! குமிழை நடாமல், பூவில் விளைகிற உண்மை விதையில் இருந்து நாற்று எடுக்கிற முறையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 போன்ற பூத்து விதை கட்டுகிற சின்ன வெங்காய இனம் வந்தபிறகு அது இலகுவாகிவிட்டது. அந்தர் கணக்கில் குமிழைச் சுமக்காமல் ஏக்கருக்குச் சில கிலோ விதையோடு வேலை முடிகிறது, குமிழோடு வருகிற நோயும் குறைகிறது. ஆனால் நாற்று ஒரு மாதத்துக்கு மேல் மேடையில் நிற்கும், அந்த மேடை மாரியில் நனைந்தால் எல்லாம் போச்சு. மேடையில் உமியையோ வைக்கோலையோ போட்டு எரித்து மண்ணைச் சுத்தப்படுத்துவதும், மழைக்குக் கூரை போடுவதும் ஐப்பசிக்கு முன் சொல்லித்தர வேண்டியவை. 2018 மார்கழியில் ஒரு இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை எல்லாரும் கண்டோம், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது மேடை எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. நாற்று மேடைக்கு இடம் தெரிவு செய்யும்போது அந்த இரவை நினைக்க வேண்டும்.

இன்னொன்று, வகுப்புக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது. கடிதம் காணிக்காரரின் பெயருக்கு வருகிறது, கமக்காரர் அமைப்பு அங்கத்தவருக்கு வருகிறது. பெரும்பாலும் ஆண்கள். ஆனால் வெங்காயம் நடுவது, களை பிடுங்குவது, கிண்டுவது, பிடி கட்டுவது எல்லாம் எங்கள் ஊரில் பெண்கள்தான். பாத்திக்குப் பாத்தி குந்தியிருந்து களை பிடுங்குகிற அக்காவின் கண்ணுக்குத்தான் முதல் முறுகல் செடி படும். அந்த அக்கா நாட்கூலிக்கு வருகிறவர், காலை ஒன்பதரை மணி வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும், மத்தியானத்துக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்துவிடும். பின்னேரம் மூன்று மணிக்குத் தோட்டத்திலேயே வைத்தால் அவர்கள் நிற்பார்கள். நான் கண்டிருக்கிறேன், அப்படி வைத்த நாளில் கேள்வி கேட்டவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

சந்தையைப் பற்றியும் யாராவது வந்து பேச வேண்டும். 2023 மார்கழியில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே பெரிய வெங்காய விலை ஏறியது, அந்த நேரம் கையில் சின்ன வெங்காயம் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். எல்லாரும் பங்குனியில் ஒரே கிழமையில் கிண்டிக் கொண்டுபோய்க் கொட்டினால் விலை விழாமல் என்ன செய்யும்? யார் எப்போது நடுகிறார்கள் என்று கிராமத்துக்குக் கிராமம் ஒரு கணக்கு எடுத்து, கொஞ்சம் முன்பின்னாக நடச் சொன்னாலே பெரிய உதவி.

எங்கள் பக்கத்துச் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் பங்குனியில் வரும். அங்கே எப்போதும் குளத்துத் தண்ணீரும் நெல்லும்தான் பேச்சு, எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதோடு முடிந்துவிடும். இந்த முறை மேட்டுநிலப் பயிர்க்காரர் நாலு பேராவது போய்க் குந்தி இருந்து, ஆனிக் கடைசியில் விதை வெங்காயம் காக்கிற வகுப்பு, புரட்டாதியில் நாற்று மேடை வகுப்பு, மாசியில் தோட்டத்துக்குள் நோய் வகுப்பு என்று மூன்று திகதியைக் கூட்டக் குறிப்பில் எழுதுவித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். வர விரும்புகிறவர்கள் உங்கள் கமநல சேவை நிலையத்தில் திகதியைக் கேளுங்கள். அதுவரைக்கும் தோட்டத்தில் ஏதாவது வித்தியாசமாகக் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். அழைக்கும் முன் செடியை வேரோடு பிடுங்கி, தாளையும் குமிழையும் பிளந்து பார்த்துவிட்டு, கண்டதை அப்படியே சொல்லுங்கள்.